வாக்கியத்தின் வால்

லாண்டரியில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. மனைவியின் அண்ணன் அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்ட முதல் நாள், "மாப்ள, இந்தப் பக்கம் வாங்க" என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டுவிட்டார். வேற்று மொழிக்காரர்கள் அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் சூப்பர்வைசரிலிருந்து லாரி ஓட்டுகிறவன் வரை எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளை. "பேரு மட்டும்தான். மாமனார் வீட்டு மரியாதை ஒருத்தன்கிட்டயும் காணோம்" என்று வீட்டில் வந்து சொல்வான். மனைவியும் மச்சானும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அது மச்சானின் கை முழுசாக இருந்த காலம்.

மருத்துவமனைகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிற பெரிய லாண்டரி அது. துவைத்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைகளுக்கு நடுவே விடவேண்டும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு பாதுகாப்புக் கம்பி. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். ஈரத் துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். அதுதான் தொல்லை. அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தான். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விசிலடித்தே வேலை வாங்குவான். அதனால் தமிழ் ஆட்கள் அவனுக்கு விசில் என்றே பெயர் வைத்திருந்தார்கள். மெஷின் நின்றால் அவனுக்கு மூச்சே நின்ற மாதிரி. ஒரு நாள், பக்கத்து ஷெல்ஃபில் கிடந்த துணிப்பட்டை ஒன்றை எடுத்துக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டான். ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வேலை சுருக்காக முடிந்ததில் எல்லாருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

பிறகொரு நாள் விரிப்போடு சேர்ந்து மச்சானின் வலது கையும் உள்ளே போனது. எதிர் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மாப்பிள்ளை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தவிர மற்றதை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள்.

மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே விசாரணை நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, மேனேஜரம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். மாப்பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன்" என்றான் மனைவியிடம். "கம்பியைக் கட்டியிருந்ததைப் பத்திக் கேட்டான். ஷெல்ஃபைப் பத்திக் கேட்டான். எஸ் சார், எஸ் சார்னு அடிச்சுச் சொல்லிட்டேன். விசில் கதை கந்தல்."

கந்தலானது விசிலின் கதை இல்லை. மச்சான் தானே கம்பியைக் கட்டினார், விதியை மீறினார் என்று முடிவு வந்தது. நஷ்டஈடு கிடையாது. வேலையும் கிடையாது. அந்த வேலையை நம்பித்தான் அவர் ஆங்கிலப் பரீட்சை எழுதித் தேறி, அந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டிருந்தார். வேலை போனதும் மனுவும் போயிற்று. கையிலிருக்கும் அனுமதி முடிகிற வரைக்கும் தங்கச்சி வீட்டு முன்னறை சோபாதான் அவருக்கு இடம் என்று ஆகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஆறவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவான். "நான் அவ்வளவு தெளிவாச் சொல்லியும் அமுக்கிட்டானுங்களே மச்சான்! அந்த விசில் யார் காலைப் பிடிச்சானோ! நல்லா இருப்பானா அவன்?"

மச்சான் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "விடுங்க மாப்ள" என்பார்.

அந்த வருஷம் மாப்பிள்ளையும் அதே பரீட்சைக்குப் போனான். படிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் தட்டுத்தடுமாறிக் கரையேறிவிட்டான். கேட்பதில் கோட்டை விட்டான். திரும்ப எழுதினான். திரும்பவும் அதிலேயே கோட்டை விட்டான். ஒலிப்பதிவை ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள். கேட்டுக்கொண்டே கோடிட்ட இடங்களை நிரப்பவேண்டும். ஒன்றை யோசித்துக்கொண்டு நின்றால் அடுத்த மூன்று ஓடிப்போய்விடும்.

"அண்ணா, நீயே சொல்லிக்குடேன். சும்மாதானே இருக்க" என்றாள் அவன் மனைவி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மச்சான் அவளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, பாப்போம்" என்றார்.

காலை ஷிஃப்ட் முடித்து மதியம் அவன் வந்ததும் பாடம் தொடங்கும். மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போயிருப்பாள். ஜன்னலோரச் சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்துவைத்து மச்சான் பயிற்சி ஒலிப்பதிவை ஓட்டுவார்.

"என்ன எழுதியிருக்கீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்னுதான் முதல்ல சொன்னா. அப்புறம் என்ன சொன்னா?"

"அப்புறமும் ஏதோ சொன்னா."

"அந்த ஏதோலதான் மாப்ள மார்க் இருக்கு. 'ஐயோ, செவ்வாய் எனக்கு டாக்டர்கிட்ட போகணும், வியாழன் வெச்சுக்கலாம்'னா. நீங்க செவ்வாயைக் கேட்டதும் கதவைச் சாத்திட்டு உள்ள போய்ட்டீங்க."

மாப்பிள்ளை தலையைச் சொறிவான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் விடவும் மாட்டார். சில நேரம் அவன் எழுதிய தப்பை எடுத்து வைத்துக்கொண்டு, "இது எப்படி உங்க காதுல இப்படி விழுந்துச்சு? நிஜமாவே இப்படித்தான் கேட்டுச்சா?" என்று துருவித் துருவிக் கேட்பார். அவனுக்கே அலுத்துப்போகும்.

"உங்க வியாதி எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார் ஒரு நாள். "தெரிஞ்ச சொல் ஒன்னு ரெண்டு காதுல விழுந்தா போதும். மிச்சத்தை நீங்களே கட்டிக்கிறீங்க. அவங்க சொன்னதை நீங்க கேக்குறதே இல்ல. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு நினைக்கிறீங்களோ, அதைக் கேக்குறீங்க."

"வீட்ல உங்க தங்கச்சியும் இதையேதான் சொல்றா" என்றான் மாப்பிள்ளை. மச்சான் சிரிக்கவில்லை.

அந்த வார விடுமுறை நாளில், ஒரு வாடகை வீட்டுக்காரருக்கும் குடியிருக்கும் பெண்ணுக்கும் நடக்கிற போன் பேச்சு பாடமாக வந்தது. சமையலறைக் கதவு உடைந்ததைப் பற்றி அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பெயரும் வந்தது. கதவைச் சரிசெய்தது யார் என்று ஒரு கேள்வி. மாப்பிள்ளை மளமளவென்று எழுதினான். முடிந்ததும் தாளை நீட்டினான்.

மச்சான் பார்த்தார். உதடு லேசாகத் துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். கை போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"கதவை ரிப்பேர் பண்ணினது யாருன்னு கேட்டிருக்கு. நீங்க 'ஷெல்ஃப்'னு எழுதியிருக்கீங்க. ஷெல்ஃப் நடந்து வந்து கதவை ரிப்பேர் பண்ணிட்டுப் போச்சா மாப்ள?"

மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அவதானே மச்சான் சொன்னா! ஷெல்ஃப்னு நல்லாவே கேட்டுச்சே!"

"ஷெல்ஃப் இல்ல. ஹிம்செல்ஃப். 'அவரே' பண்ணினார்னு அர்த்தம். புருஷனே பண்ணிட்டார். அதுக்கு வீட்டுக்காரர் திருப்பிக் கேக்குறார் பாருங்க" என்று போனைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். "கடைசியில ஒரு வால் வரும், கேளுங்க. 'ஹி டிட் இட் ஹிம்செல்ஃப், டிடின்ட் ஹி?' 'அவரேதானே பண்ணினார், இல்லையா?'ன்னு நாம கேக்க மாட்டோமா, அந்த 'இல்லையா'தான் இது. வேகத்துல 'டிட்னி'ன்னுதான் விழும். வால்தானேன்னு விட்டுடாதீங்க. இதுக்கு எஸ்னு சொன்னா, அவரேதான் பண்ணினார்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

ஒலிப்பதிவு ஓடியது. ஹிம்செல்ஃப். டிட்னி.

மாப்பிள்ளையின் சிரிப்பு வாயிலேயே நின்றது. மேனேஜரம்மாவின் அறை. தலைமை அலுவலகத்து ஆள் பேனாவை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருக்கிறார். கம்பி என்றார். கட்டு என்றார். ஷெல்ஃப் என்றார். கடைசியில் டிட்னி என்றார். கிட்னியைப் பற்றி இங்கே என்ன கேள்வி என்று அவனுக்குத் தோன்றியதுகூட நினைவுக்கு வந்தது. ஷெல்ஃபிலிருந்த துணிப்பட்டையால்தான் கம்பி கட்டியிருந்ததா என்று கேட்கிறார்கள் என்று அவனே கட்டிக்கொண்டான். எஸ் சார். அவர் இன்னொரு தடவை, நிறுத்தி, அதையே கேட்டார். எஸ் சார், எஸ் சார்.

"என்ன மாப்ள?"

"ஒன்னுமில்ல. தலை வலிக்குது" என்று எழுந்து போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டான். மச்சான் போனை அணைக்கிற சத்தம் கேட்டது. அவர் பின்னால் வரவில்லை. என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்கு நடுவே மேனேஜரம்மாவின் அறைக்குப் போனான். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்களைத் திக்காமல் சொன்னான். அன்றைக்குக் கேள்வி தனக்குப் புரியவில்லை. கம்பியைக் கட்டியது சூப்பர்வைசர். தன் கண்ணால் பார்த்தது. அதை மாற்றி எழுதவேண்டும்.

அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "உங்கள் ஆங்கிலம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது!" என்றாள் முதலில். பிறகு சொன்னாள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று அன்றைக்குக் கேட்டோம், வேண்டாம் என்றது நீங்கள். புரிந்துதான் பதில் சொன்னேன் என்று கையெழுத்துப் போட்டதும் நீங்கள். மேல்முறையீடு செய்யும் காலமும் முடிந்துவிட்டது. இப்போது புரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால், நான் வேறொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கும். சொன்னது புரியாத ஒருவரை அந்த மெஷின் முன்னால் நான் எப்படி நிறுத்துவது? நிரந்தரமாகத் தங்க நீங்கள் போடும் மனுவுக்கு நாங்கள்தான் சான்று தரப்போகிறோம், இல்லையா? யோசித்துப் பாருங்கள்.

கடைசியில் அந்த வால். இந்தத் தடவை அது தெளிவாகவே விழுந்தது. அவள் பேசியதில் ஒரு சொல் விடாமல் புரிந்தது. கோடிட்ட இடங்களைக் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் சரியாக நிரப்பியிருப்பான். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று சொன்னதும் உண்மைதான். பெரிய இடத்து ஆள் முன்னால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார அன்றைக்குக் கூச்சமாக இருந்தது.

"எஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினான்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது மச்சான் வழக்கம்போல் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார்.

"அதை எடுத்து வைங்க மச்சான்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

"அன்னைக்கு விசாரணையில, கம்பியை நீங்களேதானே கட்டினீங்கன்னு என்கிட்ட கேட்டிருக்காங்க. எனக்கு நேத்துதான் புரிஞ்சுது."

மச்சான் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "அந்த ஷெல்ஃப் பாடத்துல" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுமே தெரியும். மேனேஜர் கூப்பிட்டு முடிவைச் சொன்னா. பொய்னு கத்தினேன். 'உன் தங்கச்சி புருஷனே சொல்லியிருக்கார், எதிர்ல நின்னவர்'னு கேள்வியையும் பதிலையும் படிச்சுக் காட்டினா. அதுக்கப்புறம் நான் கத்தல."

"அந்தப் பாடத்தை வேணும்னே போட்டீங்களா?"

"இல்ல. வரிசையில வந்துச்சு. வந்ததும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."

மாப்பிள்ளை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "இத்தனை நாளா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மச்சான்."

"கேட்டு? 'ஆமா, என் வேலையைக் காப்பாத்திக்க அப்படித்தான் சொன்னேன்'னு நீங்க ஒத்துக்கிட்டா, நான் எங்க போறது? இந்த சோபாவை விட்டா இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு? தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"வேணும்னே சொல்லுவேனா நான்?"

"சொல்லியிருப்பீங்கன்னுதான் நினைச்சேன். நீங்க விசிலைத் திட்டும்போதெல்லாம், எப்படி நடிக்கிறான் பாருன்னு வயிறு எரியும். உங்க சோத்தைத் தின்னுக்கிட்டே எரிஞ்சேன்." மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "பாடம் சொல்லிக்குடுன்னு அவ கேட்டதும் எதுக்கு ஒத்துக்கிட்டேன்னு நினைக்கிறீங்க? உங்க காது நிஜமாவே அவ்வளவு மோசமான்னு பாக்கத்தான்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நிஜமாவே மோசம்."

மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"வேணும்னே சொல்லலன்னு தெரிஞ்சா மனசு லேசாகும்னு நினைச்சேன்" என்றார் மச்சான். "ஆகல. ஒருத்தன் தெரிஞ்சு கழுத்தை அறுத்தா, அவனை வெறுத்துட்டுப் போயிடலாம். நீங்க புரியாம தலையை ஆட்டியே என் கதையை முடிச்சிருக்கீங்க. இதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது, சொல்லுங்க?"

மாப்பிள்ளை மேனேஜரிடம் போய்வந்ததைச் சொன்னான். மச்சான் பாதியிலேயே கையைக் காட்டினார். "அவ என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன சொல்லிட்டு வந்திருப்பீங்கன்னும் தெரியும்."

வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் உள்ளே வந்தாள்.

"தமிழ்ல சொல்ல யாரையாவது வெச்சுக் கேக்கவான்னு அவங்க கேட்டாங்களா, இல்லையா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"கேட்டாங்க."

"வேண்டாம்னீங்களா?"

அவன் தலையை ஆட்டினான்.

"புரியலன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு இங்கிலீஷ்கூட வேண்டாமே. பேசாம உக்காந்திருந்தாக்கூட அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமே! அதுகூட முடியலையா உங்களுக்கு?" பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ என்னமோ பெரிய மனுஷனாட்டம் எல்லாத்தையும் வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு இருந்திருக்க. அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா, இந்த மனுஷனைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் மாத்திச் சொல்ல வெச்சிருப்பேன். அப்போ நாள் இருந்துச்சில்ல? ரெண்டு பேருமா சேர்ந்து அதையும் தொலைச்சிட்டீங்க."

அதைப் பற்றி மச்சான் யோசித்ததே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வலது கையில் மிஞ்சிய இரண்டு விரலால் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டார். அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் போய்க் கேட்டான் மாப்பிள்ளை. அங்கே இருந்தவரும் காலம் முடிந்துவிட்டது என்றுதான் சொன்னார். அதே ஷிஃப்டில் வேலை செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வந்து சொன்னால் ஏதாவது பார்க்கலாம் என்றார். மாப்பிள்ளை ஒவ்வொருவரிடமாகக் கேட்டுப் பார்த்தான். ஒருவனுக்குப் பிள்ளைகுட்டி இருந்தது. ஒருவனுக்கு மனு நிலுவையில் இருந்தது. ஒருவன், தான் அன்றைக்கு லீவு என்றான். அவன் லீவில் இல்லை.

"ஆரம்பிச்சதை முடிச்சிடலாம். பரீட்சை வரைக்கும் இருக்கேன்" என்று மச்சான் சொல்லிவிட்டார். மதியப் பாடம் நடந்தது. அவர் மாப்ள என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மற்றபடி மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "போடறேன். கேளுங்க." "ஆறாவது தப்பு. திருப்பிக் கேளுங்க." "சரி. அடுத்தது." மாப்பிள்ளைக்குத் திட்டுவாங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனால் அந்த நாட்களில்தான் அவன் காது உண்மையிலேயே திறந்தது. அந்த அறையில் அந்தக் குரல்களைத் தவிரக் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே கேட்டான். எதையும் கட்டிக்கொள்ளவில்லை.

பரீட்சை எழுதிவிட்டு அவன் திரும்பி வந்தபோது சோபா மேல் போர்வையும் தலையணையும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மச்சானின் பெட்டி இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றான்.

"எப்போ ஊருக்குக் கிளம்புறான்னு என்கிட்ட போன வாரமே சொல்லிட்டான்" என்றாள் மனைவி. "நீங்க பரீட்சை நினைப்புல இருப்பீங்கன்னு உங்ககிட்ட சொல்ல வேணாம்னான்." அவள் கண் வீங்கியிருந்தது. தட்டைப் போட்டுச் சோறு பரிமாறினாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு, இருக்கா, இல்லை, வேணுமா, வேண்டாம் என்ற அளவுக்குச் சுருங்கிப்போயிற்று.

முடிவு வந்தது. நான்கிலும் தேறியிருந்தான். கேட்பதில்தான் எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண். அவளிடம் சொன்னான். "நல்லது" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் மேனேஜரம்மா கூப்பிட்டு, இனிமேல் தமிழ் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் அவன்தான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும் என்றாள். சம்பளத்திலும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தாள். மனுவுக்குச் சான்று இன்னும் அவள் கையில்தான் இருந்தது. சரி என்றான்.

விடுமுறை நாளில் ஊருக்குப் போன் போட்டான். மச்சான் ஒரு மருந்துக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்திருப்பதாக மனைவி யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது. இடது கையால் எழுதுகிறார் போலிருக்கிறது.

"மச்சான், நான்தான்."

"சொல்லுங்க."

"பரீட்சை பாஸாயிட்டேன். லிசனிங்லதான் நிறைய வந்திருக்கு."

"சந்தோஷம்."

"எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

எதிர்ப்பக்கம் கடைக்கு யாரோ வந்து ஏதோ மாத்திரை கேட்கிற குரல். மச்சான் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

"கை எப்படி இருக்கு மச்சான்?"

"இருக்குறது இருக்கு. தங்கச்சி பக்கத்துல இருக்காளா? குடுங்க."

அவன் போனைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, "சொல்லுண்ணா" என்றபடி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் மேஜையருகே நின்றான். அன்றைக்கு ஆள் குறைவு என்று மதிய ஷிஃப்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சட்டையை மாற்றி, ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.